டர்போவின் நெற்றி

ஆரோக்கியம் ஆயில் கேனைச் சாய்த்தபடியே நின்றான். ஆயில் உள்ளே இறங்கவில்லை.

சிதம்பரத்தில் பைபாஸ் ஓரமாக இருக்கிறது அவனுடைய தகரக் கொட்டகை. மழை வருவதுபோல இருட்டிக்கொண்டு வந்து, பிறகு மனசு மாறி வெளுத்துவிட்ட ஒரு பிற்பகல். வயல் பக்கமிருந்து ஈரக் காற்று வந்து தகரத்தை லேசாகத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. என் லாரி பானட்டைத் திறந்து போட்டுக்கொண்டு, பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவர் மாதிரி நின்றது.

மரப்பலகை மேல் டர்போ இருந்தது. இரண்டு பக்கமும் நத்தை ஓடு மாதிரி சுருண்ட இரும்பு. நடுவில் குட்டையாக ஒரு கழுத்து. கழுத்தின் உச்சியில் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு ஓட்டை. வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் அந்த ஓட்டையில் ஆயில் விட்டு, உள்ளே இருக்கிற அச்சை விரலால் சுற்றிவிடுவார்கள். ஆயில் அச்சை நனைத்துக்கொண்டு அடியிலிருக்கிற பெரிய ஓட்டை வழியாகச் சொட்ட வேண்டும். சொட்டவில்லை. மேலேயே குட்டிக் குளம் கட்டிக்கொண்டு நின்றது.

ஆரோக்கியம் மெல்லிய கம்பி ஒன்றை விட்டுப் பார்த்தான். நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். என்னைப் பார்த்தான். மறுபடியும் மோந்து பார்த்தான்.

"அண்ணே, எனக்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சா, இல்ல நெஜமாவே இதுல சந்தன வாசனை வருதா?"

வந்தது. டீசலும் கிரீசும் பழைய டயரும் வீசுகிற அந்தக் கொட்டகையில், திருவந்திபுரத்தில் திருமஞ்சனம் முடிந்து திரையை விலக்கினாற்போலச் சந்தனம் மணந்தது. ஒரு நிமிஷம் நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

ஸ்டூலில் உட்கார்ந்து, கோயிலிலிருந்து கொண்டுவந்த பிரசாதத்தை எங்களுக்காக இலையில் பிரித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி கோமதி. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

மூச்சு வாங்கிய வண்டி

இந்தத் தொடரில் என் லாரி அடிக்கடி வந்து போகிறது. புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேறொருவரிடம் நான் டிரைவராக இருந்தபோது ஓட்டிய வண்டி அது. அவர் தொழிலை விட்டபோது, வெளியாளிடம் போக வேண்டாம் என்று எனக்கே கொடுத்தார். வண்டியின் நெற்றியில் 'தேவநாதன் துணை' என்று எழுதியிருக்கும். எங்கள் கல்யாணம் நடந்ததே திருவந்திபுரத்தில், தேவநாதப் பெருமாள் கோயில் மலையில்தான். அதனால் வண்டிக்கும் அவர் பேரையே வைத்தோம்.

பலாப்பழக் காலத்தில் அண்ணாகிராமம் பக்கத்துத் தோப்புகளில் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போவேன். கடலூர்க்காரனுக்கு ஏத்தம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். நம்ம பக்கம் பூமி பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. அதில் என் வண்டி ராஜா. ஆனால் கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகும்போது தரையே மேலே எழும்பிக்கொண்டு போகும். அங்கேதான் தகராறு.

ஏத்தம் தொடங்கியதும் கியரை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். கடைசியில் இறக்குவதற்குக் கியரே இருக்காது. புகை கருப்பாகக் கக்கும். என்ஜின் கத்தும், வண்டி நகராது. புது லாரிகள் பக்கத்தில் வந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். அவர்கள் ஹாரன்கூட அடிக்க மாட்டார்கள். அதுதான் ஜாஸ்தி வலிக்கும்.

பழம் காத்திருக்காது. தார்ப்பாய்க்குள் சூடு ஏறினால் வண்டியிலேயே பழுக்க ஆரம்பித்துவிடும். பெங்களூர் மண்டிக்காரர் ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "உங்க வண்டி வர்றதுக்குள்ள வாசனை வந்து சேந்துடுதுங்க." அப்புறம் சிரிக்காமல் சொன்னார். "அடுத்த லோடு பாப்பேன். அதுவும் இதே மாதிரி வந்துச்சுன்னா வேற வண்டிக்குச் சொல்லிடுவேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னது நியாயம். ஆனால் பலா லோடு கைவிட்டுப் போனால் என் வண்டிக்கு வேறு பிழைப்பு இல்லை.

உள்ளே வருகிற காற்று

ஆரோக்கியத்திடம் போய் உட்கார்ந்தேன். எங்களுக்குள் நெடுநாள் பழக்கம். அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன், நான் பெருமாள் கோயிலுக்கு. டீக்கடைக்கு மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். அவன் டீ கிளாசை மேசைமேல் வைத்துவிட்டு, கையைக் குவித்து எனக்குப் பாடம் நடத்தினான்.

"உங்க என்ஜின் தானா இழுக்கிற மூச்சுல ஓடுதுண்ணே. சமதரைக்கு அது போதும். ஏத்தத்துல பத்தாது. டீசல் இருக்குது, அதை எரிக்கக் காத்து இல்ல. எரியாத டீசல்தான் கருப்பா வெளிய போவுது."

"அதுக்கு?"

"டர்போ போட்டுடலாம். என்ஜின் வெளிய தள்ற புகை இருக்குதில்ல, அது போற வழியில ஒரு காத்தாடியச் சுத்திவிடும். அதே அச்சுல அந்தப் பக்கம் இன்னொரு காத்தாடி. அது வெளிக்காத்த அள்ளி உள்ள திணிக்கும். வெளிய போற மூச்சே உள்ள வர்ற மூச்சைக் கையப் புடிச்சு இழுத்துகிட்டு வரும்."

"பழைய என்ஜின் தாங்குமாடா?"

"இதே என்ஜின்ல பின்னாடி வந்த வண்டிக்குக் கம்பெனியே டர்போ வச்சுத்தான் வுட்டாங்க. அந்தச் சாமான் உங்களுதுக்கும் உக்காரும். பேராசைப்பட்டு டீசல ஜாஸ்தி தொறக்கக் கூடாது. அளவா வச்சா தாங்கும்."

நான் எட்டாவதோடு நிறுத்தியவன். அவன் சொன்னதில் பாதிதான் புரிந்தது. ஆனால் மறுநாள் காலை சிதம்பரம் கோயிலில் நின்றபோது மீதியும் புரிந்த மாதிரி இருந்தது. அங்கே சாமி ஆகாயமாக இருக்கிறார் என்பார்கள். திரையை விலக்கினால் தங்க வில்வம் தொங்கும். அதற்குப் பின்னால் வெறும் வெளிதான். அந்த வெளியைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ பேர் கண் கலங்க நின்றிருக்கிறார்கள். நானும்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் ஒரு வண்டி மலையேறும் என்றால், அந்த இடத்தில் நிற்கிறவனுக்கு அது நம்ப முடியாத சேதியா என்ன?

மச்சான் பார்த்து வைத்த வேலை

கோமதியின் தம்பி ரவிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. அவன் படித்தவன், ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. மாமா மாமா என்று உயிரை விடுவான். ஆனால் கேலிக்குக் குறைச்சல் இருக்காது.

"மாமா, இது தாத்தாவுக்கு ஓட்டப்பந்தய ஷூ வாங்கி மாட்டுற மாதிரி இருக்குது."

"தாத்தா ஓடுவாரு மச்சான், நீ பாரு."

"ஓடட்டும். வழியில உழுந்தா யாரு தூக்குறது?"

அவன் வெறும் வாயாகப் பேசவில்லை. கடலூரிலேயே ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலையை எனக்காகப் பேசி வைத்திருந்தான். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். பழைய வண்டிகளை வாங்கி உடைக்கிற ஆள் ஒருவரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

"இந்த லோடுல ஏறிட்டா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் மாமா. ஏறலைன்னா வண்டியக் குடுத்துடணும். அக்கா முன்னாடி சொல்லுங்க."

கோமதியைப் பார்த்தேன். அவள் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"சரிடா," என்றேன். "இந்த லோடுல ஏறலைன்னா குடுத்துடுறேன்."

எல்லாவற்றுக்கும் ஒரு நெற்றி

இங்கே கோமதியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் முதலில் பூஜை ரூமுக்குப் போய் தேவநாதன் படத்துக்கு முன்னால் உட்கார வேண்டும். சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் மற்றது. இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் கோமதி கண்ட இடத்தில் பொட்டு வைக்க மாட்டாள். அந்தப் பொருளுக்கு நெத்தி எது என்று பார்ப்பாள்.

"முகம்னு ஒண்ணு இருந்தா நெத்தின்னு ஒண்ணு இருக்குமில்ல? கன்னத்துலயா பொட்டு வைப்பாங்க?"

ஃபிரிட்ஜ் வந்த அன்று கதவுக்கு நெத்தி மேலேயா, கைப்பிடிக்குப் பக்கத்திலா என்று சாயங்காலம் வரைக்கும் யோசித்தாள். மிக்ஸிக்கு மூடியின் உச்சி. தண்ணீர் மோட்டாருக்குப் பெயர்த் தகடு. எனக்குப் புது செல்போன் வாங்கியபோது பின்பக்கம் மேலே வட்டமாக இருந்ததுதான் நெத்தி என்று முடிவு பண்ணிக் குங்குமம் வைத்துவிட்டாள். அது கேமரா. ரொம்ப நாளைக்கு நான் எடுத்த போட்டோவெல்லாம் அந்தி வெயிலில் எடுத்த மாதிரியே இருந்தது. ரவியின் பெண் குழந்தைக்கு மொட்டையடித்த படத்தில் எல்லோரும் செக்கச்செவேல் என்று இருக்கிறோம். இப்போதும் அதைப் பார்த்தால் எனக்கு என்னவோ கனவில் நடந்த மொட்டை மாதிரி தோன்றும்.

டர்போவைப் புதுச்சேரியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கினேன். வேறு வண்டியிலிருந்து கழற்றிச் சரிபார்த்து வைத்திருந்த சாமான். தூசி போகாமல் இருக்க எல்லா ஓட்டையிலும் கரித்துணியை உருட்டி அடைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. வீட்டில் இறக்கிவிட்டு, ரப்பர் ஹோஸ் பார்க்க வெளியே போய்விட்டேன்.

பூஜை ரூமில் கரித்துணியை வைத்துக்கொள்வாளா கோமதி? எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். ஈரத்துணியால் மேல்பக்கம் துடைத்தாள். வாழையிலை விரித்து அதன்மேல் உட்காரவைத்தாள். சுற்றிச் சுற்றி வந்து நெத்தியைத் தேடினாள். நடுவில், உச்சியில், கச்சிதமாக ஒரு வட்டம் இருந்தது. பொட்டுக்கென்றே வைத்த இடம் மாதிரி.

அன்று சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது எல்லா ஓட்டையிலும் புது வெள்ளைத் துணி கிழித்து அழகாக அடைத்திருந்தாள். கடைக்காரர் அடைத்ததைவிடச் சுத்தமாக இருக்கிறதே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"வழிச்ச சந்தனம் பூராவும்"

மறுபடி ஆரோக்கியத்தின் கொட்டகைக்கு வருகிறேன்.

இலையைக் கீழே வைத்துவிட்டு கோமதி எழுந்து வந்தாள். "தம்பி, அது நான் வச்சதுதான்."

"என்னாது அண்ணி?"

"பொட்டு. சந்தனம் வச்சேன், உள்ள போயிடுச்சு. மறுபடி வச்சேன், அதுவும் போயிடுச்சு. சாமி ஏத்துக்கிறாருன்னு நெனச்சேன். நிக்கிற வரைக்கும் வச்சேன். அப்புறந்தான் மேல குங்குமம் வச்சேன்."

"எவ்ளோ வச்சிருப்பீங்க?"

"கிண்ணத்துல இருந்ததுதான். வழிச்ச சந்தனம் பூராவும்."

ஆரோக்கியம் டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அவன் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, மாட்டி ஸ்டார்ட் பண்ணியிருந்தா என்னா ஆயிருக்கும் தெரியுமா? இந்த அச்சு சுத்துற வேகத்துக்கு ஆயில் ஒரு நொடி போகலைன்னாலும் எரிஞ்சிடும். காத்தாடி ஒடஞ்சா துண்டு நேரா என்ஜினுக்குள்ளதான் போவும். டர்போ தனியா சாவாது. என்ஜினையும் கூட்டிகிட்டுப் போயிடும்."

கோமதி கிட்டே வந்து அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"தொறந்து சுத்தம் பண்ணிடேன்," என்றேன்.

"அதைத் தொறக்கிற கை என் கை இல்ல. சென்னைக்கு அனுப்பணும். போய் வர நாளாவும்."

நாளை மறுநாள் லோடு. மண்டிக்காரர் கடைசியாகக் கொடுத்த லோடு.

அந்த நேரம் பார்த்து ரவி போன் பண்ணினான். நடந்ததைச் சொன்னேன். ஸ்பீக்கரில் அவன் சிரிப்பு கொட்டகை முழுக்கக் கேட்டது. "ஏ அக்கா! மாமா வீட்டோட கெடக்கட்டும்னு நீயே அடைச்சிட்டியா? சொல்லியிருந்தா நானே ஒரு மூட்டை சந்தனம் வாங்கியாந்திருப்பேனே!"

நாங்கள் மூன்று ஆண்களும் சிரித்தோம். கோமதி சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ஓடிய ஒன்று எனக்கு அன்று விளங்கவில்லை. 

மேலே ஊற்றிக் கீழே பிடித்தது

ஆரோக்கியம் டீசலை ஊற்றிக் கழுவலாம் என்று கேனை எடுத்தான். கோமதிதான் தடுத்தாள்.

"டீசல்ல சந்தனம் கரையாது தம்பி. தண்ணிதான். வாரா வாரம் குத்துவிளக்குல காஞ்சு கெடக்கிறத நான்தானே எடுக்கிறேன்? சுடுதண்ணி ஊத்தி ஊற வுடணும். சொரண்டக் கூடாது."

"தண்ணி உள்ள தங்கினா துருப்புடிக்கும் அண்ணி."

"அப்ப தண்ணி மொதல்ல, அப்புறம் ஒன் டீசலு."

ஆரோக்கியம் யோசித்தான். "சரி. தண்ணி, டீசல், அப்புறம் கம்ப்ரசர்ல காத்தடிச்சுக் காயவச்சு ஆயில். வாங்க."

டீக்கடையிலிருந்து கெட்டிலில் சுடுதண்ணீர் வந்தது. கோமதி மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஆரோக்கியம் அச்சை விரலால் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தான். நான் கீழே வெள்ளைத் துணியைக் கட்டிய பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு. கெட்டி மஞ்சள். அப்புறம் இன்னொன்று. வெளியே சாலையில் பஸ் போகிற சத்தம் எங்கேயோ வேறு ஊரில் கேட்கிற மாதிரி இருந்தது. சுடுதண்ணீர் பட்டதும் சந்தனம் மறுபடியும் உயிர் வந்து மணக்கத் தொடங்கியது. ஆவி எழுந்து கோமதியின் முகத்தை மறைத்து மறைத்துக் காட்டியது. நெற்றியில் வேர்வை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அண்ணி, திருமஞ்சனம் முடிஞ்சுதா?" ஆரோக்கியம் கேட்டான். கேலியாகத் தொடங்கின குரல் பாதியிலேயே மரியாதையாகிவிட்டது.

"இன்னும் மஞ்சளா வருது தம்பி. இரு."

மஞ்சள் வெளுத்து அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஆனது. அதுவும் வெளுத்து வெறும் தண்ணீர் ஆனது. துணியை மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசித் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கெட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு டீசல். பிறகு காற்று. கடைசியில் ஆயில் விட்டபோது, அது தயங்கித் தயங்கி இறங்கி, அடியில் தேன் மாதிரி நூல் விட்டது.

ஆரோக்கியம் அச்சைச் சுண்டிவிட்டான். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சுத்துது. ஆனா உள்ள எங்கயாவது துளி பொடி தங்கியிருந்தா என் கண்ணுக்குத் தெரியாது. நான் உள்ளதச் சொல்லிடுறேன். நிக்குமா நிக்காதான்னு ஏத்தம்தான் சொல்லணும்."

மாட்டினான். புகைக் குழாயை மாற்றி அதில் டர்போவை உட்காரவைத்தான். என்ஜினிலிருந்து ஆயில் வர ஒரு குழாய், திரும்பிப் போக ஒரு குழாய். காற்று வடிகட்டியிலிருந்து ஹோஸ். சாவியைத் திருப்பியதும் பழைய கரகரப்புக்கு மேலே புதுசாக ஒரு சத்தம். தூரத்தில் யாரோ புல்லாங்குழலை எடுத்து, வாசிக்காமல் வெறுமனே ஊதிப் பார்க்கிற மாதிரி.

வாபஸ்

லோடு ஏற்றிக்கொண்டு கிளம்புகிற அன்று கோமதி பையோடு வந்து வண்டி பக்கத்தில் நின்றாள்.

"நானும் வரேன்."

"பெங்களூருக்கா? எதுக்கு?"

"போனா எங்கண்ணு முன்னாடி போவட்டும்."

அதற்கு மேல் கேட்க முடியவில்லை. ஏறினாள். முன் கண்ணாடிக்கு மேலே இருந்த பெருமாள் படத்துக்குப் பூ வைத்தாள். எஞ்சிய பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். வண்டிக்கு அன்று புதுப்பொட்டு எதுவும் வைக்கவில்லை.

பலாப்பழம் ஏற்றின வண்டிக்குள் உட்கார்ந்து போவதே ஒரு மயக்கம். அந்த வாசனை பின்னாலிருந்து மெதுவாக வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். திருவண்ணாமலை மலை நீலமாகத் தெரிந்தபோது கோமதி கையெடுத்துக் கும்பிட்டாள். மலை மறைகிற வரைக்கும் கையை இறக்கவில்லை. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கி ரவி கேலி பண்ணானில்ல?"

"அவன் கெடக்கிறான்."

"அவன் சொன்னது நெசம். நான் தேவநாதன்கிட்ட கேட்டுகிட்டுத்தான் இருந்தேன். கோயில் கெணத்துல நேந்துகிட்டு உப்பு மிளகு வெல்லம் போடுறப்பல்லாம் அதான் கேப்பேன். இந்த மனுசன் ராத்திரில வூட்டுல படுக்கணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்னு. அந்த பஸ் வேலை வந்தப்போ, அவர்தான் குடுத்தார்னு நெனச்சேன்."



"அப்புறம் பாத்தா, என் வெரலாலயே அடைக்க வச்சிருக்காரு. நான் கேட்டத எனக்கே செஞ்சு காட்டுறாரோன்னு பயந்துட்டேன். நீங்க இந்த வண்டிய எப்படிப் பாப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதைக் கொன்னுட்டு ஒங்கள வூட்டுல ஒக்காரவச்சு நான் என்னா பண்ணப் போறேன்?"

"இப்ப என்ன கேட்டிருக்க?"

"கேக்கல. கேட்டத வாபஸ் வாங்கிகிட்டேன். தண்ணி ஊத்துறப்பவே சொல்லிட்டேன்."

"சாமிகிட்ட வாபஸ் உண்டா?"

"நம்மளக் கட்டி வச்சவரே அவர்தானே? இதைக்கூடவா கேக்க மாட்டாரு?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எனக்காக என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று நான் கேட்டதே கிடையாது. நல்லபடியாகப் போய் வர வேண்டும் என்றுதான் இருக்கும் என நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒவ்வொரு தடவையும் அவளை விட்டுக் கிளம்பும்போது, அவள் வாசலில் நின்று கும்பிட்டது என்னைத் தங்கவைக்கச் சொல்லித்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. கியரை மாற்றினேன். வேறு என்ன செய்ய?

ஏத்தம்

வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் படுத்து எழுந்து, கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ரோட்டோரப் புளிய மரங்களும் பாறைகளும் பால் கலந்த தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரிந்தன. தரை மேலே எழும்பத் தொடங்கியது.

வழக்கமாகக் கியரை இறக்குகிற இடம் வந்தது. கை தானாகப் போனது. ஆனால் என்ஜின் கியரை இறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த ஊதல் சத்தம் மட்டும் மெல்லிசாக ஏறியது. விட்டுப் பார்த்தேன். வண்டி போயிற்று. கண்ணாடியில் புகையைப் பார்த்தேன். லேசான சாம்பல் நிறம், காற்றில் கலைந்துகொண்டிருந்தது. ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். அசையாமல் நின்றது. இந்த ஏத்தத்தில் இத்தனை வருஷமாக நான் என்ஜினின் கத்தலைத் தவிர வேறொன்றையும் கேட்டதில்லை. அன்றைக்குப் பாறை இடுக்கில் குருவி கத்துவது கேட்டது.

எந்த நேரமும் அந்த ஊதல் கிறீச்சென்று மாறும், எல்லாம் முடியும் என்று முதுகுத்தண்டு சொல்லிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை கியரை இறக்கினேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை. தேவநாதா, தேவநாதா என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்க பயமாக இருந்தது.

உச்சிக்கு வந்து, டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். நின்றதும் என்ஜினை அணைக்கக் கூடாது, டர்போ சூடு தணிகிற வரைக்கும் சும்மா ஓடவிட வேண்டும் என்று ஆரோக்கியம் சொல்லி அனுப்பியிருந்தான். அப்போதுதான் கோமதி பக்கம் திரும்பினேன்.

தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, கைகள் மடியில் கும்பிட்டது கும்பிட்டபடி.

ரவியிடமிருந்து போன். சத்தம் போடாமல் எடுத்தேன்.

"மாமா, எங்க நிக்குது வண்டி?"

"மேல."

"மேலன்னா?"

"ஏத்தம் முடிஞ்சுது மச்சான். மேல நிக்குறோம்."

"அக்கா என்னா சொல்லுது?"

"தூங்குது."

"தூங்குதா! அதைப் பாக்கத்தானே வந்துச்சு?" சிரித்தான். அப்புறம் குரல் இறங்கியது. "சரி மாமா. அந்த ஆளுகிட்ட வேணாம்னு சொல்லிடுறேன். பஸ்காரங்களுக்கும் சொல்லிடுறேன். பாத்து வாங்க."

சூடு எப்போதோ தணிந்திருக்கும். அணைத்தால் அந்த அமைதியில் அவள் விழித்துவிடுவாள் என்று ஓடவிட்டே உட்கார்ந்திருந்தேன். வெயில் மெல்ல வந்து அவள் கன்னத்தில் ஏறியது. என் துண்டை எடுத்து ஜன்னலில் மாட்டினேன். அப்படியும் விழித்துக்கொண்டாள்.

"ஏத்தம் வந்துடுச்சாங்க?"

"பின்னால இருக்குது, பாரு."

துண்டை விலக்கித் தலையை வெளியே நீட்டினாள். நாங்கள் ஏறி வந்த ரோடு கீழே வளைந்து வளைந்து வெளுப்புக்குள் போய் முடிந்திருந்தது. அடியில் ஒரு லாரி எறும்பு மாதிரி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டபோது கண் நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, பின்பக்கம் ஒரு தடவை மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து அதட்டினாள்.

"என்னாத்துக்கு ஒக்காந்துகினு இருக்கீங்க? பழம் பழுத்துடப் போவுது. எடுங்க வண்டிய."